பாலிஷ் போட்ட கார்ட்ரிட்ஜ்

அத்தியாயம் 9

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வின்னி தன் வீட்டு முன்னறையில் ஒரு பிரிண்டரை வாங்கி வைத்தபோது தங்க வயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் சிரிக்காத வாய் குறைவு. கல்யாணப் பத்திரிகை, சர்ச்சுக்கு ஆராதனைத் தாள், கடைகளுக்கு லேபிள் என்று வீட்டிலிருந்தே வடிவமைத்து அச்சடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஊரே விடியற்காலை ரயிலேறிப் போய்ச் சம்பாதிக்கும்போது இவள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறாளாம் என்று பேசினார்கள்.

அவள் கணவன் சைலஸ் சிரிக்கவில்லை. கவலைப்பட்டான். அது சிரிப்பைவிட மோசம்.

இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே மாரிக்குப்பம் ரயில் வண்டியில் வருஷக்கணக்காகப் போய்வந்தவர்கள். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம். சரிப்படலைன்னா பழையபடி வண்டி ஏறிடு. மேனேஜர் சுந்தரராஜ் சார் உன் சீட்டை இன்னும் யாருக்கும் குடுக்கலை" என்று போன வாரம் அவன் சொன்னதும், அவள் பதில் சொல்லாமல் விளக்கை அணைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த மாதக் கடைசிக்கு முன்பாக வந்து சேர்ந்ததுதான் ஜூடித்தின் கல்யாண ஆராதனைத் தாள் வேலை.

ஜூடித் ஆண்டர்சன்பேட்டைப் பெண். மாப்பிள்ளை வீடு பெங்களூர்க் கன்னடக் குடும்பம். "அவங்க வந்து கூரையைப் பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது வின்னி. நம்ம கூடவே பாடணும்" என்று ஜூடித்தின் அம்மா கரோலின் கேட்டுக்கொண்டாள். அதனால் ஒவ்வொரு பாட்டும் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அருகருகே வர வேண்டும். மூன்று பாஷை தங்க வயலில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் மூன்றையும் ஒரே மெட்டுக்கு, வரிக்கு வரி, ஒரே தாளில் நிற்கவைப்பது வேறு வேலை. வின்னி அதைச் செய்திருந்தாள்.

தந்த நிறத்தில் தடித்த தாள் வாங்கி, வெளிப்பக்கத்தின் வண்ணப் படத்தை நேற்றே அடித்து முடித்துவிட்டாள். அதே தாள்களின் உள்பக்கத்தில் பாட்டும் ஜெபமும் கறுப்பில் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. மாலை நான்கு மணிக்குக் கல்யாணம்.

கல்யாண நாள், வெள்ளிக்கிழமை காலை. வின்னி காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து, முதல் தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது. அவ்வளவுதான். அதன் சின்னத் திரையில் சிவப்பாக ஒரு முக்கோணம் வந்து நின்றது. கார்ட்ரிட்ஜ் பிரச்சினை என்றது. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் நான்கையுமே தனக்கு அடையாளம் தெரியவில்லை என்றது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரிஞ்சுது. ராத்திரியில மறந்துட்டியா?" என்று அதனிடம் கேட்டாள்.

அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி சொருகினாள். அதே முக்கோணம். மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் இடத்தில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி வைத்தாள். அப்போதும் அதே முக்கோணம்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சைலஸ் கூப்பிட்டான். மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு நேராகச் சர்ச்சுக்கே வந்துவிடுவதாகச் சொல்லக் கூப்பிட்டவன், அவள் குரலைக் கேட்டதும், "இன்னா ஆச்சு?" என்றான்.

சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று சொல்லும்போதே தோன்றியது.

"நான் அப்பவே சொன்னேன் வின்னி. வீட்டு மெஷினை நம்பிக் கல்யாண வேலையை ஒத்துக்கலாமா? இங்கயே ஒரு கடையில அடிச்சு எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். வெளிப்பக்கம் அடிச்ச தாளெல்லாம் இங்க இருக்கு. நான் சரி பண்ணிடுவேன்."

"சரி, வுடு. நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். யாரிடம், என்ன பேசிக்கொள்ளப் போகிறான் என்று கேட்க அவளுக்கு அப்போது நேரமில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கறுப்புக் கார்ட்ரிட்ஜை மறுபடி கழற்றி முகத்தருகே கொண்டுவந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. மை வாசனை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குள் நுழைந்ததும் மெழுகுவர்த்தித் தண்டுகளிலிருந்து வருமே, அந்த வாசனை. பித்தளை பாலிஷ்.

"மாமா" என்று கூப்பிட்டாள்.

மாமனார் ஏனோக் உள்ளேயிருந்து சாவகாசமாக வந்தார். சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்குகிற கேஜ் என்கிற கூண்டு அவர் கைப்பட்டால்தான் நகரும். அந்த என்ஜின் ரூமில் ஷிப்டுக்கு வந்ததும் முதல் வேலை, பித்தளையும் செம்புமாக இருப்பதையெல்லாம் முகம் தெரியும்படி தேய்த்து வைப்பது. சுரங்கம் மூடினாலும் கை அடங்குமா? சர்ச்சில் இருக்கிற சிலுவைக்கும் மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கும் இப்போது அவர்தான் பொறுப்பு. ஜூடித் கல்யாணத்துக்காக நேற்று அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து முன்னறையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். வின்னி பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

"நேத்து இந்த பிரிண்டரைத் தொட்டீங்களா மாமா?"

ஏனோக்கின் முகம் மலர்ந்தது. "தொட்டேம்மா. மூடி தெறந்து கெடந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா டப்பாவுக்குப் பின்னால செம்புப் பட்டையெல்லாம் மை அப்பிக்கிட்டு கறுத்துக் கெடக்குது. கல்யாண வேலை செய்யற மெஷின் இப்படியா கீறதுன்னு நாலையும் எடுத்து ஒரு தேய் தேய்ச்சு வச்சேன். உள்ளயும் துணி போட்டுத் துடைச்சேன். பாரு, பளபளன்னு கீதா?"

பளபளவென்றுதான் இருந்தது. அந்தப் பட்டைகள் வழியாகத்தான் கார்ட்ரிட்ஜ் தன்னை இன்னாரென்று பிரிண்டருக்குச் சொல்கிறது. அவற்றின் மேல் பாலிஷ் வெள்ளையாகப் படிந்து காய்ந்திருந்தது. பிரிண்டரும் பேசவில்லை, கார்ட்ரிட்ஜும் பேசவில்லை.

"இது உங்க வைண்டிங் என்ஜின் இல்ல மாமா" என்றாள் வின்னி. "இதுல பாலிஷ் பட்டா செத்துரும். நாலு மணிக்குக் கல்யாணம். நான் இன்னா செய்யறது?"

ஏனோக் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

வின்னிக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. இந்த முன்னறை அவருடைய அறை. அவள் வேலையை விட்ட அன்று யாரும் கேட்காமலே தன் கட்டிலைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போய், "இங்க வெளிச்சம் நல்லா கீதும்மா. நீ வச்சுக்கோ" என்றவர். ஊர் சிரித்தபோது தெருமுனை வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். அவரிடம் போய் இப்படிப் பேசிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

எழுந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்காக வாங்கிவைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரை எடுத்தாள். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைத் துண்டு துண்டாக நறுக்கினாள். பிறகு பின்கட்டுக் கதவருகே போய் நின்றாள்.

"மாமா, எனக்கு ரெண்டு கை பத்தலை. உள்ள வாங்க."

"என் கை வேணாம்மா. அது சும்மா கெடக்காது."

"அந்தக் கைதான் வேணும். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

வந்தார். அவள் நாற்காலியில், அவர் ஸ்டூலில்.

"டார்ச்சை உள்ள அடிங்க."

"டார்ச்சை உள்ள அடிக்கறேன்."

"கறுப்பை எடுத்துக் குடுங்க. பட்டையில விரல் படக் கூடாது."

"கறுப்பை எடுக்கறேன். பட்டையில விரல் படாது."

வின்னி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று நினைத்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை.

"எங்க வழக்கம்மா" என்றார் ஏனோக். "கீழ சுரங்க லெவல்ல நிக்கறவன் மணி அடிப்பான். அதே மணியை நான் திருப்பி அடிச்சிட்டுத்தான் கேஜை நகர்த்தற லீவர்ல கை வைப்பேன். அவன் சொன்னது எனக்குச் சரியா வந்துச்சான்னு அவனுக்குத் தெரிய வேணாமா? தொங்கறது அவன் உசுராச்சே."

"நேத்து மட்டும் மணியே இல்லாம நகர்த்திட்டீங்க."

"நகர்த்திட்டேன்" என்று அதையும் திருப்பிச் சொன்னார் அவர். வின்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

ஈரத் துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, ஒவ்வொன்றாக மாட்டினார்கள். பிரிண்டருக்குள் பட்டைகளைத் தொடும் ஊசிமுனைகளில் படிந்திருந்ததையும் மெல்லத் துடைத்தாள். கறுப்பு தெரிகிறது என்றது திரை. நீலம் தெரிகிறது. சிவப்பு தெரிகிறது. மஞ்சள் மட்டும் தெரியவில்லை.

மஞ்சளை மறுபடி துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மற்ற மூன்றின் பட்டைகள் பொன் நிறத்தில் இருந்தன. இது வெறும் செம்பாகச் சிவந்து கிடந்தது.

"இதை ரொம்பத் தேய்ச்சீங்களா?"

"அதுதான் ரொம்ப அழுக்கா இருந்துச்சு."

"இதுக்கு மேல மெல்லிசா தங்கம் பூசியிருப்பாங்க மாமா. அது போயிடுச்சு."

"தங்கமா?" ஏனோக் அதை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை வருஷம் பாதாளத்துலேருந்து இதைத் தூக்கிவுட்டேன். கண்ணால ஒரு பொட்டு பாத்ததில்லை. கடைசியில என் வூட்டு மேஜை மேலயே வந்து உக்காந்திருந்திருக்கு. அதையும் துடைச்சு எறிஞ்சுட்டேன்."

சிரிக்கிற நேரம் அது இல்லை. அந்தப் பிரிண்டருக்கு ஒரு கெட்ட குணம். நாலில் ஒன்றைத் தெரியவில்லை என்றாலும் கறுப்பு எழுத்தைக்கூட அடித்துக் கொடுக்காது. வின்னி ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்தாள். அந்த மாடலுக்கு மஞ்சள் ஸ்டாக் இல்லை, பெங்களூரிலிருந்து நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கரோலின் தலையில் பாதிப் பூவோடு இறங்கி வந்தாள். "பூக்காரனைப் பாக்க இந்தப் பக்கம் வந்தேன். தாளெல்லாம் ரெடியா வின்னி? கையோட எடுத்துட்டுப் போயிடறேன்."

வின்னி அவளிடம் எதையும் மறைக்கவில்லை. ஒரு கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்றாள். யார் கெடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கரோலினின் முகம் வாடியது. "ஜெராக்ஸ் கடையில குடுத்துடலாமா?"

"இந்தத் தடித் தாள் அவங்க மெஷின்ல போகாதுக்கா. சாதா வெள்ளைத் தாள்லதான் அடிப்பாங்க. கட்டக் கடைசிக்கு அப்படிப் பண்ணிக்கலாம். ஆனா உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் சொன்னது இந்தத் தாளைத்தான். மூணு மணிக்கு ஒவ்வொரு பெஞ்சுலயும் இருக்கும்."

கரோலின் அவளையே பார்த்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய் ஆட்டோவில் ஏறினாள். அந்த 'அப்ப சரி' வின்னியின் தலைமேல் ஒரு மூட்டையாக உட்கார்ந்தது. இன்று இது நடக்கவில்லையென்றால் மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமையே வண்டியேறிவிடலாம். முன்னறையில் மாமாவின் கட்டில் திரும்ப வந்துவிடும்.

ஏனோக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். "நான் பங்காரப்பேட்டை போய்ப் பாத்துட்டு வர்றேம்மா."

சட்டையை எடுத்ததும் அதன் அடியில் தொங்கிய துணிப்பை தெரிந்தது. வின்னி அதைப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

காலியான கார்ட்ரிட்ஜ்களைக் குப்பையில் போடக் கூடாது, பெங்களூரில் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் இருக்கிறது, போகிறபோது போட்டுவிடுங்கள் என்று அவள் சைலஸிடம் கொடுத்த பை அது. "நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று அவன் சொல்லாத நாள் இல்லை. சைலஸின் நாளை எப்போது வந்திருக்கிறது?

பையைத் தரையில் கவிழ்த்தாள். கறுப்புகள் உருண்டன. நடுவில் ஒரு மஞ்சள். பிரிண்டரோடு வந்த முதல் மஞ்சள். பட்டையில் பொன் நிறம் அப்படியே இருந்தது.

"மை இருக்காதேம்மா" என்றார் ஏனோக்.

"மை வேணாம் மாமா. நமக்கு வேண்டியது கறுப்பு எழுத்துதான். மஞ்சள் ஆள் வந்திருக்கான்னு பிரிண்டருக்குக் காட்டினா போதும்."

மாட்டினாள். திரை யோசித்தது. மஞ்சள் மை மிகக் குறைவு, தொடரலாமா என்று கேட்டது.

"தொடரலாம்" என்றாள் வின்னி.

"தொடரலாம்" என்றார் ஏனோக்.

அடிக்கத் தொடங்குவதற்கு முன் அவர் கணினித் திரையைக் காட்டி, "கீழ உன் பேரு எங்கம்மா?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் எதுக்கு மாமா?"

"செஞ்சது யாருன்னு தெரியாத வேலை இன்னா வேலை? போடு."

போட்டாள். என்ன போட்டாள் என்பதை அவருக்குக் காட்டவில்லை. தாளை ஒவ்வொன்றாக அவள் உள்ளே கொடுக்க, அவர் வெளியே வாங்கி மை காய விரித்து, பிறகு விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் மறந்துபோனார்கள்.

மூன்று மணிக்கு ஒவ்வொரு பெஞ்சிலும் இருந்தது.

சர்ச் நிரம்பி வழிந்தது. ஏனோக் தேய்த்த சிலுவை பின்வரிசை வரை மின்னியது. அங்கே பாலிஷ் போட்டதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. முதல் பாட்டு தொடங்கியபோது வின்னி மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தைத்தான் பார்த்தாள். தடித்த மீசை வைத்த ஒரு பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னட வரியைக் கண்டுபிடித்தார். வாயைத் திறந்தார். இரண்டாவது அடிக்கெல்லாம் அந்த வரிசை முழுதும் பாடிக்கொண்டிருந்தது. மூன்று பாஷையும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் முடிந்தன. வின்னியால் பாட முடியவில்லை. இதை நான் செய்தேன் என்று அவளுக்குள் சத்தமாக ஒரு குரல் சொன்னது. அதை அவள் அடக்கவில்லை.

ஏனோக் இரண்டாவது பெஞ்சில் இருந்தார். தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தார். 'அச்சு: வின்னி – ஏனோக், ஸ்கெலட்டன்.' மறுபடி படித்தார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்துக் கட்டைவிரலால் காட்டினார். பெண்ணும் மாப்பிள்ளையும் உடன்படிக்கை சொல்லும்போது முன்பெஞ்சுக்காரரின் தோளைத் தட்டினார். போதகர் மோதிரத்தை ஜெபித்துக் கொடுக்கும்போது பின்பெஞ்சுக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு அந்தச் சர்ச்சில் பெண்ணைப் பெற்றவர்களைவிடப் பெருமையாக ஒருத்தர் இருந்தார் என்றால் அது அவர்தான்.

சைலஸ் பாதி ஆராதனையில் வியர்க்க வியர்க்க வந்து கடைசியில் நின்றுகொண்டான். அவன் கையிலும் யாரோ ஒரு தாளைத் திணித்தார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு வின்னியைத் தேடினான்.

வெளியே வந்ததும் கரோலின் எல்லோர் முன்னிலையிலும் வின்னியைக் கட்டிக்கொண்டாள். "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பெங்களூர்ல எந்த பிரஸ்னு கேக்கறாங்க. நம்ம ஸ்கெலட்டன்னு சொன்னேன்."

மாப்பிள்ளையின் அத்தை தன் மகள் கல்யாணத்துக்கும் இதே மாதிரி வேண்டும் என்றாள். எப்போது வந்து பேசலாம் என்று கன்னடத்தில் கேட்டாள்.

"திங்கட்கிழமை வாங்க. நான் வீட்லதான் இருப்பேன்" என்று வின்னியும் கன்னடத்திலேயே சொன்னாள்.

சைலஸ் அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். "எப்படிச் சரி பண்ணே?"

"நீங்க எடுத்துட்டுப் போகாத பையாலதான்." அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமையா வரச் சொன்னே?"

"ஆமா. ஏன்?"

சைலஸ் தாளை மடித்தான், பிரித்தான். "காலையில நீ சொன்னதும் மெஷின் போச்சுன்னு நெனச்சுட்டேன். சுந்தரராஜ் சார்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை நீ வந்து ஜாயின் பண்றேன்னு சொல்லிட்டேன்."

வின்னியின் சிரிப்பு நின்றது.

"என்னைக் கேட்டீங்களா?"

"நான் பேசிக்கறேன்னு போன்ல சொன்னேனே."

"சொன்னீங்க. நான் சரின்னு சொன்னேனா?"

அவளுக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அவன் வியர்வையைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நிதானமாகச் சொன்னாள்.

"மணி வராம கேஜை நகர்த்தக் கூடாதுங்க."

"நகர்த்தக் கூடாது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் திருப்பிச் சொன்னது. ஏனோக் நின்றிருந்தார், தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

சைலஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். சுந்தரராஜ் சார்.

வின்னி கையை நீட்டினாள். "போனைக் குடுங்க."

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"போனைக் குடுக்கறேன்" என்றான் சைலஸ்.